முதலில் யாரிடம் செல்வீர்கள்?

(புனே நகரை அடுத்த கடக்வாஸ்லாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் பொருளைச் சொன்னபோது ஒரு மூத்த தோழர் முகம் சுளித்தார். "வெளிநாட்டு நர்சிங் தேர்வுக்கு ஆள் தயாரிப்பது பயிற்சி மையங்களின் தொழில். கட்சிக்கு அதில் என்ன வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்திருக்கிறேன்.

கடக்வாஸ்லா அணையின் நீரைக் குடித்து வாழ்கிறது புனே. அந்நகரின் மருத்துவமனைகளில் நம் குடும்பத்துப் பெண்கள் செவிலியராக இருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து, இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பி, உலை வைத்துவிட்டுக் கைபேசியில் மாதிரி வினாத்தாளைத் திறக்கிறார்கள். பத்தாண்டு அனுபவம் உள்ளவரும் மீண்டும் மாணவியாகிறார். எதைப் படிக்கிறார், அதற்கு யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று கிளைத் தோழர்கள் கேட்டதுண்டா?

அமெரிக்காவில் செவிலியராகப் பதிவு பெற என்கிளெக்ஸ் என்ற தேர்வில் தேற வேண்டும். அமெரிக்காவில் படித்தவருக்கும் நமக்கும் அதே தேர்வு. ஐந்து மணி நேரத்தில் குறைந்தது 85, அதிகம் போனால் 150 கேள்விகள். சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். தேர்வரின் தரம் உறுதியானதும் கணினி தானாகவே நின்றுவிடும். 85ஆவது கேள்வியில் திரை அணைந்ததும் தோற்றுவிட்டோம் என்று அழுதபடி வெளியே வருபவர்கள் உண்டு. உண்மையில் அது தேறியதற்கும் அடையாளமாக இருக்கலாம். தவறினால் பொதுவாக 45 நாள் காத்திருந்து மீண்டும் எழுதலாம்.

2023 ஏப்ரல் முதல் இத்தேர்வு புதிய வடிவில் நடக்கிறது. நோயாளி ஒருவரின் குறிப்பேட்டையே திரையில் விரித்து, எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, முதலில் என்ன செய்வீர்கள், செய்தது பலித்ததா என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். ஒரு மாதிரி சொல்கிறேன். நால்வர் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒருவர் அறுவைச் சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள், வலிக்கிறது என்கிறார். ஒருவர் வீடு திரும்பக் காத்திருக்கிறார். ஒருவருக்குக் கட்டு மாற்ற வேண்டும். இன்சுலின் எடுக்கும் நான்காமவருக்கு வியர்க்கிறது, பேச்சு குழறுகிறது. முதலில் யாரிடம் செல்வீர்கள்?

நான்காமவரிடம் என்று இங்குள்ள செவிலியர் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். அவருக்குச் சர்க்கரை தாழ்ந்துகொண்டிருக்கிறது, தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. ஆனால் அடுத்த கேள்வியில் தடுமாறுவார். மருத்துவரை அழைப்பீர்களா, சர்க்கரை அளவைப் பார்ப்பீர்களா? உதவியாளரிடம் எந்த வேலையை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது? உடல்நிலை சீராக உள்ளவரைக் குளிப்பாட்ட உதவியாளரை அனுப்பலாம். நோயாளியை மதிப்பிடுவதும் அவருக்குக் கற்பிப்பதும் செவிலியரின் வேலை. இந்த எல்லைகளைப் பாடநூலில் படித்திருக்கிறார். வார்டில் அவருக்குக் கிடைத்த பயிற்சியோ வேறு: "டாக்டர் வரட்டும்", "உங்களை யார் முடிவெடுக்கச் சொன்னது?" பத்தாண்டுகளாக முடிவெடுக்கக் கூடாது என்று பழக்கப்பட்டவரிடம், முடிவெடுங்கள் என்று ஒரு தேர்வு திடீரெனக் கேட்கிறது. அவருக்கு அறிவு குறைவில்லை. அந்த அறிவைப் பயன்படுத்தும் அதிகாரத்தைத்தான் நம் மருத்துவமனை அவரிடமிருந்து பறித்து வைத்திருக்கிறது. ஆகவே தேர்வுத் தயாரிப்பின் பெரும்பகுதி, பறிபோன அந்தத் தன்னம்பிக்கையை மீட்பதுதான். பயிற்சி மையங்கள் இதைச் சொல்லிக்கொடுப்பது அரிது. வினா வங்கியை மனப்பாடம் செய்ய வைப்பது அவர்களுக்கு எளிது.

பிரிட்டனின் முறை வேறு. முதலில் கணினித் தேர்வு: மருந்தளவுக் கணக்கில் 15 கேள்விகள், செவிலியப் பாடத்தில் 100. அங்கே சென்றபின் ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு, பத்து நிலைகள். நம்மவர்கள் ஊசி போடத் தெரியாமல் அதில் தோற்பதில்லை. கை கழுவ மறந்து, தன் பெயரைச் சொல்லாமல், நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்காமல், "தொடலாமா?" என்று ஒப்புதல் கேட்காமல் மதிப்பெண் இழக்கிறார்கள். இது அவர்களுடைய பண்புக் குறையா? போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்துக்கு ஒருவர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நாற்பது கட்டில்களுக்கு இடையே ஓடுகிறவர் எந்த நோயாளியிடம் நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்வார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்வுத்தாளில் "சரியான விடை" என்று வருபவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. கலிபோர்னியாவில் பொது வார்டுச் செவிலியர் ஒருவருக்கு ஐந்து நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பது இன்று சட்டம். அந்த எண்ணிக்கை வரம்புக்கான சட்டம் 1999இல் நிறைவேறியது, 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னால் செவிலியர் சங்கத்தின் நெடிய போராட்டம் இருக்கிறது. பிரிட்டனில் ராயல் நர்சிங் கல்லூரி என்ற சங்கம் தன் நூறாண்டைத் தாண்டிய வரலாற்றில் முதன்முறையாக 2022 டிசம்பரில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. இந்த வரலாறும் சேர்ந்ததுதான் தயாரிப்பு. அங்கே போய்ச் சேரும் செவிலியர் எந்தச் சங்கத்தில் உறுப்பினராவது என்பதைப் புறப்படும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருவோம். பிரிட்டனில் கணினித் தேர்வுக்கு 83 பவுண்டு, ஆஸ்கிக்கு 794 பவுண்டு. அதாவது ஆஸ்கிக்கு மட்டும் 80,000 ரூபாய்க்கு மேல். அங்குள்ள மருத்துவமனைகள் பல இதை ஏற்றுக்கொள்கின்றன. வேலை தேடுபவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் நடத்தை விதி. நம் நாட்டிலும் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். நடப்பது என்ன? குவைத் வேலைக்கு 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒருவரிடம் 19.5 லட்சம் வரை வாங்கியதாக 2015இல் கேரளத்தில் சிபிஐ வழக்குப் பதிந்தது. அதே ஆண்டு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணி அரசு நிறுவனங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். அதற்கு முந்தைய ஆண்டு இராக்கின் திக்ரித்திலிருந்து 46 செவிலியர் கொச்சி வந்திறங்கிய காட்சி நினைவிருக்கும். உயிர் தப்பியவர்களில் பலருக்கு அடுத்த கவலை கடன். குண்டு விழும் ஊரில்கூட வேலையை விட்டு வர அவர்களைத் தயங்க வைத்தது அதுதான்.

அமெரிக்காவில் இது வேறு உருவம் எடுக்கிறது. முகவர் பயணச் செலவை ஏற்பார். இடையில் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வார். 25,000 டாலர் கேட்ட அப்படி ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்து பிலிப்பைன்ஸ் செவிலியர் வழக்காடினர். அந்தத் தண்டத்தொகை ஆள்கடத்தல் தடைச் சட்டத்துக்கு முரணானது என்று நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

"இங்கே பற்றாக்குறை இருக்கும்போது நாட்டைவிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்கள் நம்மிடையேயும் உண்டு. தமிழ்நாட்டில் 2015இல் அரசுத் தேர்வெழுதித் தேறிய செவிலியருக்கு மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நாடு அதை அறிந்தது. கொரோனாக் காலத்தில் சேர்க்கப்பட்ட 2,472 பேரை 2022 டிசம்பர் 31 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். உச்சநீதிமன்ற ஆணைப்படி 2016இல் அமைந்த குழு, மிகச் சிறிய தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. செவிலியர் வீதிக்கு வந்த கேரளத்தில் 2018இல் இடது முன்னணி அரசு அதைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது. பல மாநிலங்களில் அது தாளிலேயே கிடக்கிறது. அதை இங்கே கேட்டுப் போராடாத நமக்கு, போகிறவரைக் குற்றம் சொல்லும் தகுதி இல்லை என்பது என் கருத்து. கடுமையாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

கிளைகள் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள்தான். தமிழ்நாட்டில் படித்துப் புனேயில் பணிபுரிபவர், முதலில் பதிவு செய்த சென்னைக் கவுன்சிலின் சரிபார்ப்பையும் இங்குள்ள கவுன்சிலின் சரிபார்ப்பையும் பெற வேண்டியிருக்கும். கல்லூரி, பல்கலைக்கழகம், பழைய மருத்துவமனை என்று ஒவ்வொன்றிலிருந்தும் காகிதம் வர வேண்டும். பணி அட்டவணைக்கு நடுவே சென்னைக்கு எத்தனை முறை போவார்? அங்குள்ள தோழர் ஒருவர் நேரில் போய்க் கேட்டால் எவ்வளவோ சுமை குறையும். அசல் சான்றிதழை நிர்வாகம் பிடித்து வைத்திருந்தால் அதற்கு உரிமை கிடையாது. தனியாகக் கேட்க அஞ்சுபவருடன் சங்கம் போய் நிற்க வேண்டும். வாரம் இருமுறை ஒரு வீட்டு முன்னறையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடைத்தால் நால்வர் சேர்ந்து படிக்கலாம். ஆங்கிலம் பேசிப் பழகவும் அதுவே இடம். கேள்வி ஒன்றை எடுத்து ஏன் இந்த விடை என்று வாதிடட்டும். அப்போது "நம் வார்டில் ஏன் இப்படி இல்லை?" என்ற கேள்வியும் தானே வரும். அந்தக் கேள்வி வரும்போது சங்கத் தோழர் ஒருவர் அறையில் இருக்கட்டும்.

கலைவதற்கு முன் ஒரு வேண்டுகோள். தேர்வுக்குப் படிப்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் பெயரைக் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். முகவர் நீட்டிய ஒப்பந்தம் எதுவும் கையில் இருந்தால் அடுத்த ஞாயிறு எடுத்து வாருங்கள், கையெழுத்திடாமல். வரிவரியாகச் சேர்ந்து படிப்போம்.