வீட்டுக்குள் வளரும் ஆல் இனச் செடிகள்: எங்கள் குழு கற்ற பாடம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், நாற்றங்கால் நடத்தும் குழுவின் சார்பில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்கள் குழுத் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வரவு செலவு ஆண்டறிக்கையில் இருக்கிறது. அதனால நான் லாபத்தைப் பற்றிப் பேசப் போறதில்லை. எங்க பேரே கெட்டுப் போக இருந்த ஒரு மாசத்தைப் பற்றிச் சொல்றேன்.

நாங்க 12 பேர். முதல்ல கறிவேப்பிலை, ரோஜா, மல்லிகை நாற்றுதான் விற்றோம். டவுனில் அடுக்குமாடி வீடுகள் வந்த பிறகு, "வீட்டுக்குள்ளே வைக்கிற செடி இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வங்கிக் கடன் எடுத்து, நிழல்வலை போட்டு, பைகஸ் செடிகளை மொத்தமாக வாங்கி வந்தோம்.

பைகஸ் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்காதீங்க. நம்ம ஆல், அரசு, அத்தி, இத்தி எல்லாம் அந்த இனம்தான். இலையைக் கிள்ளினால் பால் வரும். வீட்டுக்குள் வைக்க நாங்க விற்பது நாலு வகை. ஒன்று ரப்பர் செடி. கேரளத் தோட்டங்களில் பால் எடுக்கிற ரப்பர் மரம் வேறு, இது வேறு. இதன் சொந்த ஊர் அசாம், மேகாலயா பக்கம். மேகாலயாவில் இந்த மரத்தின் விழுதுகளை ஆற்றுக்கு மேலே வளர்த்துப் பாலமாகவே ஆக்கியிருக்கிறார்கள். இரண்டாவது, சின்ன இலையோடு கிளை தொங்குகிற பெஞ்சமினா. மூன்றாவது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெரிய இலைக்காரி, பிடில் இலைச் செடி. நாலாவது, அடித்தண்டு கிழங்கு மாதிரி பருத்து, போன்சாயாக விற்கிற வகை.

எங்களைச் சோதித்தது இரண்டாவது வகைதான். 60 பெஞ்சமினா செடிகளை ஒரே குடியிருப்புக்குக் கொடுத்தோம். பத்து நாளில் போன் வர ஆரம்பித்தது. "உங்க செடி மொட்டையாப் போச்சு, காசைத் திருப்பிக் கொடுங்க." மொத்தம் 23 வீடு. அந்த மாசம் கடன் தவணை கட்ட வேண்டிய பணமே அதுதான்.

குழுக் கூட்டத்தில் பெரிய சண்டை. "நல்ல செடியாத்தானே கொடுத்தோம், அவங்க பார்த்துக்கலைன்னா நாம என்ன பண்றது?" என்று பாதிப் பேர். நானும் அந்தப் பக்கம்தான். எங்கள் மூத்த அக்கா கடைசியாகப் பேசினார். "பணம் போனா கடன் வாங்கலாம். பேர் போனா அதை எந்த பேங்க்ல வாங்குவே?" என்றார். தீர்மானம் எழுதி, செடிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். தவணைக்கு ஆளுக்கு 300 ரூபாய் கூடுதலாகப் போட்டோம். எங்க வீட்டில் அதுக்கு ஏச்சு வாங்கினேன், மறைக்கலை.

வந்த செடிகளின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தோம். உள்ளே பச்சை! செடி சாகவில்லை. நிழலில் வைத்து அளவாகத் தண்ணீர் விட்டோம். 18 செடி துளிர்த்தது. 5 செடி போச்சு. பையைக் கிழித்துப் பார்த்தால் வேர் அழுகி நாற்றம் அடித்தது.

அப்போதுதான் தோட்டக்கலை அலுவலரிடம் போய்க் கேட்டோம். தப்பு எங்க மேலேதான். வெயிலில் வளர்ந்த இலை வெயிலுக்கு ஏற்ற இலை. அதை ஒரே நாளில் இருட்டு அறைக்குள் கொண்டு போனால், செடி அந்த இலைகளை உதறிவிட்டு, நிழலுக்கு ஏற்ற புது இலை விடும். புகுந்த வீட்டுக்குப் போன புதுசில் நமக்கும் சோறு இறங்காதே, அப்படித்தான். இலை கொட்டுவதைப் பார்த்துப் பயந்து வாங்கினவர்கள் தினமும் தண்ணீர் ஊற்றினார்கள். அதில்தான் அந்த 5 செடி செத்தது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். மூன்று வாரம் நிழல்வலைக்குள் இருந்து பழகாத எந்தச் செடியும் வாசலைத் தாண்டாது. வாங்குபவரிடம் நாங்க சொல்லி அனுப்புவதை உங்களுக்கும் சொல்றேன்.

முதலில் வீட்டைப் பாருங்க, அப்புறம் செடியைப் பாருங்க. ஜன்னலை ஒட்டி நல்ல வெளிச்சம் உண்டா? பிடில் இலை, வெள்ளைக் கோடு போட்ட ரப்பர் செடி எடுக்கலாம். வெளிச்சம் சுமார்தான் என்றால், கரும்பச்சை இலை ரப்பர் செடி தாங்கும். பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை என்றால் இந்த இனமே வேண்டாம்.

செடி எடுக்கும்போது இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, பழுப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் செதில் பூச்சி. தொட்டியின் அடியில் வேர் சுருண்டு வெளியே வந்திருக்கக் கூடாது. நுனியில் புதுத் துளிர் இருக்கணும். உயரத்தைப் பார்த்து மயங்காதீங்க. சின்னச் செடிதான் இடத்துக்குச் சீக்கிரம் பழகும்.

தண்ணீருக்கு நாள் கணக்கு கிடையாது. விரலை மண்ணில் ஒரு அங்குலம் விடுங்க. காய்ந்திருந்தால் ஊற்றுங்க, ஈரமாக இருந்தால் விட்டுடுங்க. தொட்டியில் ஓட்டை இருக்கணும், தட்டில் தேங்கின தண்ணீரைக் கொட்டிடணும். இடத்தை அடிக்கடி மாற்றக் கூடாது. ஏசி காற்று நேராக அடிக்கக் கூடாது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையில் உள்ள தூசியைத் துடைக்கணும். பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் தெளித்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

இன்னும் இரண்டு விஷயம். இதன் பால் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். நாய், பூனை கடித்தால் வாந்தி எடுக்கும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் உயரத்தில் வையுங்க. வளர்ந்துவிட்டது என்று சுவர் ஓரமாகத் தரையில் நடாதீங்க. ஆல் இனத்து வேர் அஸ்திவாரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் சும்மா விடாது.

"அறைக் காற்றையே சுத்தம் பண்ணும்" என்று சொன்னால் செடி நன்றாக விற்கும். நாங்க அதைச் சொல்றதில்லை. 1989-இல் நாசா ஆராய்ச்சியில் மூடிய பெட்டிக்குள் செடியை வைத்துப் பார்த்தார்கள். நம் வீடு மூடின பெட்டி இல்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாகணும் என்றால் வீடு முழுக்கச் செடிதான் நிற்கும், நாம் நிற்க இடம் இருக்காது. கண்ணுக்குக் குளிர்ச்சி, மனசுக்கு நிறைவு என்று சொல்லித்தான் விற்கிறோம். அது பொய்யில்லை.

இப்போது விண்பதியம் போட்டு ரப்பர் செடியை நாங்களே உற்பத்தி செய்கிறோம். கடனில் இன்னும் நாலு தவணைதான் பாக்கி. அன்று பணத்தைத் திருப்பி வாங்கின 23 வீட்டில் பதினோரு வீடு மறுபடி எங்களிடமே செடி வாங்கியது. துளிர்த்த அந்த 18 செடியில் ஒன்றை நாங்க விற்கவில்லை. எங்கள் குழுக் கூட்டம் நடக்கிற திண்ணையில் நிற்கிறது. கோபமாகப் பேசத் தோன்றும்போதெல்லாம் நான் அதைத்தான் பார்ப்பேன்.

புதுத் தொழில் தொடங்கப் போகிற தங்கைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீங்க. பத்து நாள் கழித்து நீங்களே ஒரு போன் பண்ணிக் கேளுங்க: "செடி எப்படி இருக்கு?"