ஆயா முன்னே போகும் கூட்டம்



நோணாங்குப்பம் என்றால் வெளியூர்க்காரருக்குப் போட் ஹவுஸ்தான் நினைவுக்கு வரும். டிக்கெட் வாங்கிச் சுண்ணாம்பாற்றில் படகேறி, முகத்துவாரத்து மணலில் இறங்கி, கால் நனைத்துத் திரும்பிவிடுகிறார்கள். நல்லவாட்டுக்காரருக்கும் வீராம்பட்டினத்துக்காரருக்கும் கடல் அதற்கு அப்பால்தான் ஆரம்பிக்கிறது. அந்த ஆழத்தில் குடும்பம் குடும்பமாக வாழும் ஓர் உயிரைப் பற்றிப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

2016 ஜனவரி 11, திங்கட்கிழமை. பொங்கலுக்கு நாலு நாள்தான் இருந்தது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரையில் பைலட் திமிங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒதுங்கின. எண்பதுக்கும் மேலே! அந்தக் கரை மீனவர்கள் கை கட்டி நிற்கவில்லை. தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். கயிறு கட்டிப் படகில் ஆழத்துக்கு இழுத்துப் போய் விட்டார்கள். அப்படி விட்டதிலும் சில மறுபடி கரைக்கே வந்தன. கடைசியில் 45 திமிங்கலங்கள் செத்துப்போயின.

இதே கரையில் 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியதை மீன்வள விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். 43 வருட இடைவெளி. அதே மணல், அதே தை மாதத்து ஓரம்.

ஆழத்தில் கொண்டுபோய் விட்ட திமிங்கலம் ஏன் திரும்பி வந்தது? அதற்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? இல்லை, தாய்மார்களே. அதன் அம்மா கரையில் கிடக்கிறாள். அக்கா கிடக்கிறாள். கூப்பிடும் சத்தம் தண்ணீருக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. காற்றில் ஒரு நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடலுக்குள் 1,500 மீட்டர் போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில், 600, 700 மீட்டர் ஆழத்தில், ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டே கணவாயைத் துரத்திப் பிடிக்கிற பிராணி அது. சத்தம்தான் அதற்குக் கண், சத்தம்தான் அதற்கு உறவு.

பைலட் திமிங்கலக் கூட்டம் தாய்வழிக் கூட்டம். பெண் குட்டி மட்டுமல்ல, ஆண் குட்டியும் பெரும்பாலும் பிறந்த கூட்டத்திலேயே வளர்ந்து, அங்கேயே வாழ்கிறது. இனி நான் சொல்வதை இங்கே இருக்கும் ஆயாக்கள் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். பாலூட்டிகளில் பெரும்பாலானவை சாகும் காலம் வரைக்கும் ஈன்றுகொண்டிருக்கும். கருத்தரிப்பது நின்ற பிறகும் பல வருடம் வாழ்பவை மனிதப் பெண், சில திமிங்கல இனங்கள் போன்ற மிகச் சிலவே. அதில் இந்தப் பைலட் திமிங்கலமும் ஒன்று. ஜப்பானைச் சேர்ந்த தோஷியோ கசுயாவும் ஹெலன் மார்ஷ் அம்மையாரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பல்லை வெட்டி, அதில் படிந்திருக்கும் அடுக்குகளை எண்ணி வயது கண்டார்கள். நாற்பது வயதுக்குள் கருத்தரிப்பது நின்றுவிடுகிறது. அறுபது தாண்டியும் வாழ்ந்தவை இருந்தன. ஈன்று ஓய்ந்தும் மடியில் பால் சுரந்த கிழவிகளும் இருந்தன. தன் குட்டிக்கு இல்லையென்றால் அந்தப் பால் யாருக்கு? பேரப்பிள்ளைக்காகவும் இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

அமெரிக்கா, கனடாவின் மேற்குக் கடலில் ஓர்க்கா என்ற திமிங்கல இனத்தைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்கிறவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். சால்மன் மீன் குறைந்த வருடங்களில் ஈன்று ஓய்ந்த ஆயாக்கள்தான் கூட்டத்துக்கு முன்னே நீந்துகின்றன. எந்த இடத்தில் மீன் இருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். பஞ்ச காலத்தில் வயதானவர் நினைவுதான் சோறு போடுகிறது.

கூட்டம் கூட்டமாகக் கரை ஒதுங்குவதற்குப் பல காரணம் சொல்கிறார்கள்: முன்னே போகும் திமிங்கலத்துக்கு வந்த நோய், சரிவு குறைந்த மணல்கரையில் எதிரொலி ஏமாற்றுவது, கடலுக்கடியில் மனிதர் எழுப்பும் பேரோசை. முதலில் ஒன்று எதனால் வந்தாலும், மற்றவை வருவது உறவுக்காக இருக்கலாம். நுரையீரலால் மூச்சுவிடும் பிராணிதானே, கரையில் ஏன் சாக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீர் தாங்கிய உடம்பு மணலில் தன் பாரத்தாலேயே நசுங்குகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு சூட்டை வெளியே விடாமல் உள்ளேயே வேக வைக்கிறது.

காப்பாற்ற முடியாதா? முடியும். 2020 நவம்பரில் இலங்கையில் பாணந்துறைக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. கடற்படையும் ஊர்மக்களும் இரவெல்லாம் தண்ணீரில் நின்றார்கள். மிகச் சிலவே இறந்தன. மற்றவை கடலுக்குப் போயின. நியூசிலாந்துக்காரர்கள் இதில் கை தேர்ந்தவர்கள். ஒன்றைத் தனியே தள்ளிவிட மாட்டார்கள். கூட்டத்தை ஆழமில்லாத தண்ணீரில் நிறுத்தி, ஒன்றோடொன்று சேரவிட்டு, எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவார்கள்.

நம் கரைக்கு நாளைக்கு வந்தால் என்ன செய்வோம்? செல்போனைத் தூக்கிக்கொண்டு முதுகில் ஏறி நிற்போமா? எனக்குப் பயம் அதுதான். வாலில் கயிறு கட்டி இழுக்காதீர்கள், மூட்டு கழன்றுவிடும். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்துங்கள். ஈரத்துணி போர்த்துங்கள், தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையை மட்டும் மூடாதீர்கள், தண்ணீரும் மணலும் அதில் போகக்கூடாது. வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். அம்பர்கிரிஸ் கோடிக்குப் போகும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி ஏமாறாதீர்கள். அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. வைத்திருந்தாலும் விற்றாலும் சிறை.

2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் எச்சரிக்கை, நல்லவாட்டு அறிவு மையத்து ஒலிபெருக்கியில் ஊரெல்லாம் கேட்டது; சுனாமி வரும் முன்னே ஊரே மேடேறிப் பிழைத்தது. அப்படிப்பட்ட பழக்கம் உள்ள கரை இது. பஞ்சாயத்தாரிடம் நான் கேட்பது சிறிய காரியம். கரை ஒதுங்கிய திமிங்கலத்துக்கு என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு பலகையில் எழுதி, மீன் இறங்கும் இடத்தில் ஒன்று, முகத்துவாரத்தில் ஒன்று வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, மார்கழி கடைசியில், அதை ஒலிபெருக்கியில் படியுங்கள். வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். பலகைக்கு வண்ணம் பூச நூலகத்துப் பிள்ளைகள் வருவார்கள். நாட்டார் இந்தக் கூட்டத்திலேயே ஒரு தேதி சொல்ல வேண்டும்.