இராவணனுக்கு மன்னிப்பு உண்டா?

இராவணன் சீதையைத் தூக்கிச் சென்றது குற்றந்தான். அதற்கு வக்காலத்துப் பேச நாம் வரவில்லை. ஆனால் இந்த இராமேசுவரத்துத் தலபுராணம் என்ன சொல்லுகிறது? இராவணன் பிராமணனாம், அவனைக் கொன்ற பாவந் தீர இராமன் இங்கு லிங்கம் வைத்துப் பூசித்தானாம். சரி, தவஞ்செய்தான் என்பதற்காகச் சம்பூகன் என்னும் சூத்திரனின் தலையை அதே இராமன் வெட்டியதாக உத்தரகாண்டம் சொல்லுகிறதே, அதற்கு எந்தக் கரையில் எந்தக் கல்லை நட்டான்? ஆகவே இக்கதைகளில் பாவத்தை அளக்கும் கோல் செய்கையல்ல, செத்தவனுடைய சாதியே! மன்னிக்கும் உரிமை கெடுதி அடைந்தவருக்கே உண்டு. இராவணனைச் சீதை மன்னிக்கலாம். சம்பூகனோ செத்தான், அவனுக்காக மன்னிக்க யாருக்கு அதிகாரம்? கோயிலிலுள்ள 22 தீர்த்தங்களுக்கா? யோசித்துப் பாருங்கள்.