ஆயிரத்துக்கு இரண்டு: ஒரு வில்லின் மரக்கணக்கு

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய ஸ்டோர் ரூமைக் கைவேலை அறையாக மாற்றலாமா என்ற கேள்வி, அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் இருக்கிறது. அந்த அறையைக் கேட்டவர்களில் நானும் ஒருவன். "வில் செய்ய மெஷின் எதற்கு சார்? தூசி வருமா? சத்தம் வருமா?" என்று லிஃப்டிலும் வாக்கிங்கிலும் பலர் கேட்டீர்கள். வாக்களிக்கும் முன் அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

வில் என்றதும் ஒரே கம்பை வளைத்து நாண் கட்டியது என்று நினைப்போம். அப்படியும் உண்டு. நான் செய்வது ஒட்டுவில். மெல்லிய மரப்பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, முன்னும் பின்னும் கண்ணாடியிழைத் தகடு வைத்துச் செய்வது. மூங்கிலையும் மரத்தையும் சேர்த்து ஒட்டும் வழக்கம் ஜப்பானிய வில்லில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வில் செய்பவர்களிடம் கண்ணாடியிழை பரவலாக வந்தது.

இந்தப் பட்டிகள் ஒரே கனமாக இருந்தால் போதாது. நாணை இழுக்கும்போது வளைக்கும் விசை கைப்பிடி அருகே மிக அதிகம். நுனியை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். அகலமும் கனமும் எங்கும் ஒன்றாக இருந்தால், வில் கைப்பிடி அருகே மட்டும் மடங்கும். நுனிப்பக்கம் சும்மா விறைத்து நிற்கும். அதனால் பட்டியைக் கைப்பிடிப் பக்கம் கனமாகவும் நுனிப்பக்கம் மெலிதாகவும் சரிவாக்குகிறோம். வளைவு முழு நீளத்துக்கும் பரவும். நுனி லேசாவதால் அம்பும் வேகமாகப் போகும்.

எவ்வளவு சரிவு? பலரும் கையாளும் ஒரு கணக்கு ஆயிரத்துக்கு இரண்டு. 90 செ.மீ. நீளமுள்ள பட்டி ஒரு முனையில் 3.3 மி.மீ. இருந்தால், மறுமுனையில் 1.5 மி.மீ. இருக்கும். குறைவது மொத்தமே 1.8 மி.மீ. ஒவ்வொரு 5 செ.மீ.க்கும் குறைய வேண்டியது 0.1 மி.மீ. உங்கள் வீட்டு பிரிண்டரில் போடும் ஒரு தாளின் கனம்தான் அது.

இவ்வளவு துல்லியம் வேண்டுமா என்று கேட்கலாம். மரத்தின் விறைப்பு, கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். கனம் 10 சதவீதம் கூடினால் விறைப்பு ஏறக்குறைய 33 சதவீதம் கூடிவிடும். ஒட்டி முடித்த 10 மி.மீ. கனத்தில் 0.1 மி.மீ. பிசகினாலே விறைப்பு 3 சதவீதம் மாறும். வில்லின் மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் இடையே வித்தியாசம் வந்தால் வில் ஒரு பக்கமாக இழுக்கும். ஓரிடம் மட்டும் மெலிந்திருந்தால் வளைவெல்லாம் அங்கே சேர்ந்து, ஒருநாள் அங்கேயே உடையும். இழுத்த வில் உடைவது முகத்துக்கு அருகில்தான்.

இழைப்புளியால் சீவலாமே என்றால், 1.5 மி.மீ. மரத்தைக் கத்தி கவ்விப் பிய்த்துவிடும். அதனால் உப்புத்தாளால் தேய்த்தே கனத்தைக் குறைக்கிறோம். உருளை ஒன்றில் முரட்டு உப்புத்தாள் சுற்றியிருக்கும். அது வேகமாகச் சுழலும். கீழே தட்டையான மேசை. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் மரத்தின் கனம்.

சரிவு மெஷினில் இல்லை, ஆப்புப் பலகையில் இருக்கிறது. நேரான, விறைப்பான ஒரு பலகையின் ஒரு முனைக்கு அடியில் 1.8 மி.மீ. தகடு வைத்து, உருளைக்கு அடியில் தள்ளித் தேய்த்தால், தூக்கி வைத்த முனை அந்த அளவுக்கு மெலியும். தகட்டை எடுத்துவிட்டால் பலகை நீண்ட ஆப்பாகிவிடும். அதன் கனமான முனைமேல் பட்டியின் நுனி வரும்படி வைத்துத் தள்ளினால், நுனிதான் அதிகம் தேயும். ஆப்பின் சரிவு அப்படியே தலைகீழாகப் பட்டிக்கு வந்துவிடும்.

தள்ளும்போது உருளை சுழலும் திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். இல்லையென்றால் உருளை பட்டியைப் பறித்து வீசிவிடும். பட்டிக்கு நேராக நிற்காமல் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு தடவைக்குக் கொஞ்சமாகத்தான் தேய்க்க வேண்டும். பேராசைப்பட்டால் மரம் கருகும். பாதியில் கை நின்றால் அந்த இடத்தில் பள்ளம் விழும். முடிந்ததும் ஐந்து இடங்களில் வெர்னியர் வைத்து அளப்பேன்: 3.3, 2.85, 2.4, 1.95, 1.5. மேல் பாதிக்கும் கீழ் பாதிக்கும் ஒரே எண்கள் வந்தால்தான் பசை டப்பாவைத் திறப்பேன். முரட்டுத் தாள் விட்ட கீறல்களை வழவழப்பாக்க மாட்டேன். எபாக்ஸி பிடிக்க அவை உதவும்.

இனி உங்களுக்கு முக்கியமான விஷயம். ஒரு பட்டியில் கணிசமான பகுதி தூசியாகத்தான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூளைவிட, காற்றில் மிதக்கும் நுண்தூசிதான் நுரையீரலுக்குள் போகும். அது காற்றில் அடர்ந்திருக்கும்போது ஒரு தீப்பொறி பட்டால் தீப்பிடிக்கவும் செய்யும்.

ஆகவே, அறையைக் கேட்கும் நானே வைக்கும் நிபந்தனைகள் இவை:

1. தூசி உறிஞ்சும் கருவி இணைக்காமல் மெஷினை ஓட்டக் கூடாது. உள்ளே இருப்பவர் என்95 மாஸ்க் போட வேண்டும்.

2. அறைக்கு வெளிப்பக்கம் ஜன்னல் வேண்டும். ஈ.பி. மீட்டர் அறைக்கும் ஜெனரேட்டருக்கும் ஒட்டியிருக்கக் கூடாது.

3. சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை மட்டும். பரீட்சை மாதங்களில் மெஷினுக்கு லீவு.

4. சாவி செக்யூரிட்டியிடம், கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் மெஷினைத் தொடக் கூடாது.

5. செலவு பயன்படுத்துபவர்களுடையது. பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது.

6. வளாகத்துக்குள் அம்பு விடக் கூடாது. 18 கிலோ இழுவை உள்ள வில்லின் அம்பு நம் காம்பவுண்டைத் தாண்டிச் சாலையில் போய் விழும்.

ஸ்டோர் ரூமில் இப்போது ஜன்னல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுவரைத் திறக்க முடியுமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். முடியாது என்றால், முதல் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறாது. அப்போது என் வாக்கும் எதிராகத்தான் விழும். இப்போது போலவே நண்பரின் மரப்பட்டறைக்கு பஸ் ஏறிப் போய்க்கொள்கிறேன். என் பொழுதுபோக்குக்காக மேல் மாடியில் ஒரு குழந்தை இருமக் கூடாது.

முடியும் என்றால், அந்த அறை எனக்கு மட்டுமானதல்ல. உடைந்த நாற்காலியைச் சரிசெய்ய நினைப்பவர், கொலுப்படி செய்ய நினைப்பவர் என்று எல்லோரும் வரலாம். கேள்விகள், ஆட்சேபங்கள் எதுவானாலும் பொதுக்குழுவுக்கு முன் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறேன்.