கோலாரில் விழுந்த தடங்கள்

  

முன்னொரு காலத்தில், தூத்துக்குடியில் ஒரு மாணவன் வகுப்புக்குப் போகாமல் தோணித்துறையில் உட்கார்ந்திருப்பான். தூரத்தில் இழுவைப் படகின் வடம் ஒற்றைக் கோடாகத் தெரியும். கரையில் கட்டிய வடமோ கைக்கு அடங்காது. அதைச் சுற்றி எறும்பு ஊரும். அந்த மாணவன்தான் இன்று பட்டமளிப்பு அங்கி மாட்டி இங்கே நிற்பவன். அவனுடைய வருகைப் பதிவை யாரும் விசாரிக்க வேண்டாம்.

1921இல் கணிதவியலாளர் கலூசா ஐந்தாவது பரிமாணம் ஒன்றைக் கணக்கில் கொண்டுவந்தார். அது மிக நுண்ணியதாகச் சுருண்டிருப்பதால் கண்ணில் படவில்லை என்றார் இயற்பியலாளர் ஆஸ்கர் கிளைன், 1926இல். வடத்தின் சுற்றளவு மாதிரிதான். பொருளெல்லாம் நுண் இழைகளின் அதிர்வே என்னும் இழைக் கோட்பாட்டுக்குப் பத்துப் பரிமாணங்கள் தேவை. சுருண்ட திசையில் ஒரு துகள் ஓடினால் ஓட்டம் தெரியாது. அதன் ஆற்றல் நமக்கு நிறையாகத் தெரியும். அத்தகைய துகள்களில் மிக லேசானது சிதையாமல் நிலைத்தால், அதுவே, கண்ணில் படாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் கரும்பொருளாகலாம் என்று 2002, 2003ஆம் ஆண்டுகளில் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிரபஞ்சத்தில் கரும்பொருள் சுமார் 27 சதவீதம். உப்பளம், கடல், நட்சத்திரம் எல்லாம் சேர்ந்தே 5 சதவீதம்தான். 2022இல் இழைக் கோட்பாட்டாளர் வாஃபா முதலியோர் மைக்ரான் அளவிலான ஓர் 'இருண்ட பரிமாணத்தை' முன்வைத்தார்கள். அதில் உலவும் ஈர்ப்புத் துகள்கள் மெல்லச் சிதைந்தபடியே கரும்பொருளாக இருக்குமாம்.

இதுவரை கரும்பொருள் துகள் எதுவும் சிக்கவில்லை. சிக்கியதோ என்று ஐயப்பட வைத்த ஒரு கதை உண்டு.

கோலார் தங்கவயல். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கம். இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, மும்பை டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் வெளிநாட்டுக் கூட்டாளிகளும் 1965இல் வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோ என்ற துகளைப் பதிவு செய்தார்கள். பிறகு சில விசித்திரப் பதிவுகள்: பாறைக்கும் கருவிக்கும் நடுவே, வெறும் காற்றில், ஒரே புள்ளியிலிருந்து பல தடங்கள் கிளம்பின. கிருஷ்ணசாமி, எம்.ஜி.கே. மேனன், நரசிம்மம் ஆகியோரும் ஜப்பானிய நண்பர்களும் 1975இல் அதை வெளியிட்டார்கள். வெளிநாட்டுத் துகள் முடுக்கிகளில் தேடினார்கள், கிடைக்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய நிகழ்வுகள்தானே, உலகம் மறந்தது.

சுமார் நாற்பது ஆண்டுக்குப் பின் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும் அந்தத் தடங்களைத் தூசி தட்டினார்கள். அவை நியூட்ரினோ மோதி வந்தவையல்ல, அந்தக் குகையில் உலவும் கரும்பொருள் தானே சிதைந்ததாக இருந்தால்? முடுக்கியில் அகப்படாததற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது! 2014இல் கட்டுரை வந்தது. அவர்கள் கூடுதல் பரிமாணத்தை இழுக்கவில்லை. ஊகம் இன்னும் நிரூபணமாகவில்லை, தவறாகவும் போகலாம். ஆனால் புரியாததை 'கருவிக் கோளாறு' என்று 1975இல் யாராவது அடித்துவிட்டிருந்தால், கேள்வியே மிஞ்சியிருக்காது.

இந்தத் தூத்துக்குடிக் கடற்கரைக்கு, எதையும் அடித்துவிடாமல் பதிந்து வைக்கும் பழக்கம் புதிதல்ல. முத்துக்குளிப்புக்கு முன் பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பிப் படுகைகளைச் சோதித்து, சிப்பி இல்லாத பாருக்கும் அறிக்கை எழுதினார்கள். 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே இல்லை. அந்த அறிக்கைகளை ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

கோலாரோடு தேடல் நின்றுவிடவில்லை; ஜார்க்கண்டின் ஜாதுகுடா சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் கரும்பொருள் தேடலுக்கென ஓர் ஆய்வகம் 2017இல் திறக்கப்பட்டது. கீழே இறங்கப் பயமில்லாத இயற்பியல் பிள்ளைகள் விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வாருங்கள். ஆய்வகக் குறிப்பேட்டில் 'பிழை' என்று அடித்த பக்கம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.