பனியன் கம்பெனி கேட் வரைக்கும்



மாற்றுத்திறனாளிகளுக்கான நடைபாதை பற்றிய இந்தக் கருத்தரங்கு திருப்பூரில் கூடியிருப்பது மிகப் பொருத்தம். உட்கார்ந்து செய்கிற வேலை இந்த ஊரில் ஏராளம். பவர் டேபிளில் ஓவர்லாக், மேசையில் செக்கிங், பிசிறு வெட்டுவது, மடித்துப் பெட்டி போடுவது. நடக்க இயலாதவரும் இவற்றை மற்றவருக்குச் சமமாகச் செய்வார். காது கேளாதவருக்கு மிஷின் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிக் கம்பெனி கேட்டை அடைய வேண்டுமே! அந்தக் கொஞ்ச தூரம்தான் பலரை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கிறது. அதனால் நடைபாதையை நான் கூலிப் பிரச்சினையாகவே பார்க்கிறேன்.

நம் தெருக்களைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பெரும்பாலான இடங்களில் சாக்கடை மேல் போட்ட சிலாப்தான் நடைபாதை. ஒரு சிலாப் உயர்ந்திருக்கும், அடுத்தது அமுங்கியிருக்கும், மூன்றாவதைத் தூக்கி ஓரமாய் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை, டூவீலர் ஏற்ற ஒரு சிமெண்ட் சரிவு. அரை அடி உயரத்தை ஒன்றரை அடி நீளத்தில் ஏற்றியிருப்பார்கள். சக்கர நாற்காலிக்கு விதிப்படி வேண்டிய சரிவு 1:12. அதாவது அரை அடி ஏற ஆறு அடி நீளம். இந்தச் சரிவுகள் நடைபாதையைக் குறுக்கே வெட்டிவிடுவதால், நாற்காலியில் வருபவர் பண்டல் ஏற்றிய டெம்போக்களுக்கு நடுவே ரோட்டில் இறங்குகிறார். வெள்ளைக் கோலுடன் வருபவருக்கு வேறு ஆபத்து: நிறுத்திய வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கு. கோல் தரையைத் தொடும்; நெற்றிக்கு நேரே நிற்பதை அது சொல்லாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த அச்சட்ட விதிகளின் 15(1)-ம் விதியைச் செல்லாது என்றது. மீறமுடியாத அடிப்படைத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கவும் சொன்னது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு 'முடிந்தவரை செய்கிறோம்' என்று எந்த உள்ளாட்சியும் சொல்ல முடியாது.

கட்டுரையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை சரிவுகள் கட்டினார்கள் என்று எண்ணாதீர்கள். ஒருவர் எவர் கையையும் பிடிக்காமல், ரோட்டில் இறங்காமல், இடையறாது எத்தனை மீட்டர் போக முடிகிறது என்று அளந்து சொல்லுங்கள். குமரன் ரோட்டிலும் காதர்பேட்டையிலும் காலை ஷிப்ட் நேரத்தில் அளவு நாடாவோடு நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எடுத்த அளவு உதவாது. வழி இடையில் அறுபடுவதற்கு ஓர் உதாரணம்: பார்வையற்றவர் காலால் உணர்ந்து வழியறிய செயிச்சி மியாகே உருவாக்கிய புடைப்புக் கற்கள் 1967-லேயே ஜப்பானின் ஒக்கயாமாவில் பதிக்கப்பட்டவை. நாமும் அதே கல்லைப் பதித்து, டிரான்ஸ்பார்மர் வந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம். பார்வையற்றவர் அங்கே என்ன செய்வார்?

2025-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு உள்ளாட்சிச் சட்டத்தால், மாற்றுத்திறனாளிகள் நகர்ப்புற உள்ளாட்சிகளில் நியமன உறுப்பினர்களாக அமர வழி பிறந்திருக்கிறது. 60 வார்டுகள் கொண்ட நம் மாநகராட்சி மன்றத்தில், ரோடு டெண்டர் விவாதத்துக்கு வரும் நாளில் அந்த உறுப்பினரின் கையில் உங்கள் அளவுகள் இருக்க வேண்டும். அளவெடுப்பதற்கான படிவத்தை இன்று பிற்பகல் அமர்வு இறுதி செய்யட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.