டிராக்டர் ஓடுது, டிரெய்லர் தள்ளுது!



நெல் மூட்டையும் கரும்பும் எருவும் ஏற்றி, கண்மாய்க் கரையிலிருந்து திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலை வரைக்கும் டிரெய்லரை இழுத்துக்கிட்டுப் போறவங்க நாம. விபத்து நடந்தா "டிரைவர் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் முடிச்சிடறாங்க. காரணம் அதுக்கு மேலயும் இருக்கு.

நம்ம ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி பிரேக்கே கிடையாது. டிராக்டரை நிறுத்தினாலும் பின்னால் வரும் பாரம் நிற்காது. தள்ளும், பக்கவாட்டில் மடக்கும். அதனால் வேகத்தை எஞ்சின் பலம் பார்த்து வைக்கக் கூடாது, பாரம் பார்த்து வைக்கணும். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. இறங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு மாத்திடணும்.

வயலில் ஒத்தை பிரேக் போட்டுத் திருப்புறதுக்காக பெடல் லாக்கை எடுத்திருப்போம். ரோட்டுக்கு ஏறுமுன் இரண்டு பெடலையும் லாக் போட்டுச் சேர்க்கணும். மறந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி சுழன்று கவிழும். கொக்கிப் பின்னுக்குப் பூட்டு ஊசியும், கூடவே ஒரு சங்கிலியும் வேண்டும். பின்பாரம் கூடினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்க. இருட்டில் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிறுத்தாதீங்க. பின்னால் வர்ற பைக்காரரும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்.

எல்லாத்துக்கும் மேல, டிரெய்லரில் ஆள் ஏத்தக் கூடாது. 2022 அக்டோபர் 1 அன்று கான்பூர் பக்கம், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராலி குளத்தில் கவிழ்ந்து 25 பேருக்கு மேல் செத்தார்கள். 2025 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில் வயல் வேலைக்குப் போன 7 பெண்கள், டிராலியோடு கிணற்றில் விழுந்து மாண்டார்கள். டிரெய்லரில் ஏறியவருக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று கம்பெனிகள் கோர்ட்டில் வாதாடுவது வழக்கம். அந்த வாதம் ஜெயித்தால் நட்டஈட்டுக்கு நம்ம காணிதான் போகும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். நடவுக்கும் களைக்கும் போற பெண்கள் ஆசைப்பட்டா டிரெய்லரில் ஏறுறாங்க? விடியக்காலை பஸ் இல்லாத ஊரில் வேற வழி என்ன? எனவே அரசைக் கேட்கிறோம்:

* வேலை நேரத்துக்குக் கிராமங்களுக்கு டவுன் பஸ் விடு!
* பிரேக் வைத்த டிரெய்லருக்கு மானியம் கொடு!
* ரிஃப்ளெக்டரை இலவசமாக ஒட்டு!
* கண்மாய்க் கரைச் சாலைகளுக்குத் தடுப்புக்கல் நடு!

கோரிக்கை வெல்லும்வரை போராடுவோம். அதுவரை நம்ம உயிரை நாமே காப்போம். ஒன்றுபடுவோம்!